கண்ணைக் கீழே போடு

மிருகக்காட்சிசாலைக்கு வருகிறவர்கள் எழுதிப் போடும் புகார்களில் பாதி, சிங்கம் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்பதாக இருக்கும். மீதியில் பெரும்பாலானவை குரங்குக் கூண்டுக்காரி சிடுமூஞ்சி என்பதாக இருக்கும். எதைக் கேட்டாலும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லையாம், மருந்துக்குக்கூட ஒரு சிரிப்பு கிடையாதாம். பல்லைக் காட்டுவதற்கா அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? அவளுக்கு முன்னால் அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டவர் நல்ல சிரித்த முகக்காரர். ஒருநாள் முப்பத்திரண்டு பல்லும் தெரிய, குரங்கின் கண்ணையே பார்த்துக்கொண்டு, "என்னடா ராஜா, கோபமா?" என்று கம்பிக்குள் கையை விட்டார். இப்போது அவருக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார். அங்கேயும் சிரித்த முகம்தான்.

குரங்குக்கு நேர்ப்பார்வை என்றால் வம்புக்கு இழுப்பது. புருவத்தை ஏற்றினால் 'வர்றியா?' என்று கேட்பது. வாயை வட்டமாகத் திறந்தால் அடுத்தது கடிதான். பல் தெரிய உதட்டை இழுத்துக் காட்டுகிறதே, அது சிரிப்பே இல்லை, 'நான் சின்னவள், என்னை விட்டுவிடு' என்ற கெஞ்சல். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு "பாரு பாரு, உன்னைப் பாத்து சிரிக்குது" என்று காட்டுகிறார்களே, அந்த நேரத்தில் உள்ளே அது பயத்தில் செத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பாடத்தை அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேச்சு வருவதற்குள் தாயைப் பறிகொடுத்து, பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள் அவள். பெரியம்மா கை நீட்டியதே இல்லை, பொய் சொல்லக் கூடாது. பெரியம்மாவுக்குப் பார்வை போதும். தட்டில் இரண்டாவது முறை கை போனால் ஒரு பார்வை. தன் பிள்ளைகளோடு இவளும் சேர்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டால் ஒரு பார்வை. அதைத் தாங்க முடியாமல் இவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாலோ, "கண்ணைக் கீழே போடு" என்பாள். அவ்வளவுதான். கண்ணைக் கீழே போட்டே வளர்ந்த பிள்ளை, வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடும். அடுத்தவர் வீட்டில் உண்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிப்பு தானாக வந்துவிடுகிறது. அதற்குப் பட்டம்தான் கிடையாது.

கல்யாணமாகி, தனக்கென்று ஒரு வீடும் மகளும் ஆனபின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. மோட்டார் ரிப்பேர் செய்கிற கணவர் தங்கமானவர். ஆனால் அவரிடமும் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவாள். மகளை வளர்த்த விதம் இன்னும் மோசம். பெரியவர்கள் பேசும்போது அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தால் இவள் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது. "கண்ணைக் கீழே போடுடீ." மகள் அப்படியே வளர்ந்தாள், கட்டிக்கொடுத்த இடத்திலும் அப்படியே இருக்கிறாள். நல்ல மருமகள் என்று அந்த வீட்டில் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கூண்டில் இருந்தவை ஒரு பெரிய குடும்பம். வாட்டசாட்டமான ஆண் குரங்கு ஒன்று உயரமான பலகையில் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் அதுதான் தலைவன் என்று நினைத்துக்கொள்வார்கள். எத்தனை வீட்டில் அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறோம்! யார் முதலில் தின்பது, யார் வெயிலில் உட்காருவது, யாருக்கு யார் பேன் பார்ப்பது எல்லாம் ஒரு கிழட்டுப் பெண் குரங்கின் புருவத்தில் இருந்தது. அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தது பக்கத்து அடைப்பின் யானைக்காரர். தன் சொந்த மாமியாரை நினைத்துத்தான் வைத்ததாக அவரே சொல்லிக்கொள்வார். மாமியாருக்கு அடுத்து அதன் மகள்கள், மகள்களுக்கு அடுத்து அவற்றின் பிள்ளைகள். தாய்க்கு எந்தப் படியோ, அதற்கு அடுத்த படி பிள்ளைக்கு. தாய் இல்லாத பிள்ளைக்கு அங்கே படியே கிடையாது. கடைசிப் படியில் எலும்பும் தோலுமாக ஒன்று இருந்தது. அதன் பெயர் ஒடிசல். யாருக்குக் கோபம் வந்தாலும் கடைசியில் வந்து விடிவது அதன் தலையில்தான்.

அந்தக் கூண்டில் ஒரு பெண் குரங்கு குட்டி போட்ட கையோடு செத்துப்போனது. குட்டி மட்டும் தாயின் ஈர மார்பைப் பிடித்தபடி கிடந்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும். யானைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சுண்டெலி மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து அதற்குச் சுண்டெலி என்றே பெயர்.

மிருக வைத்தியர் ஒரு சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி, பொறுமைசாலி. குட்டியைத் துணியில் சுற்றி இவளிடம் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, பால் கொடுங்க, மார்ல போட்டுக்கங்க. எல்லாம் சரி. ஆனா முகத்தைத் துணியால மூடிக்கங்க. கண்ணைப் பாக்காதீங்க. நாளைக்கு இது உள்ள போய் பொழைக்கணும். மனுஷ முகத்தைப் பாத்துப் பழகிடுச்சுன்னா அங்க இது என்ன பண்ணும்னு யோசிங்க."

"எனக்குத் தெரியாதா டாக்டர்" என்றாள் இவள். தெரியும்தான். அதுதான் இதில் கொடுமை.

குட்டியை வீட்டுக்கு எடுத்துவந்தாள். ஆரம்பத்தில் சொன்னபடி மூக்குக்கு மேல் துணி கட்டிக்கொண்டு, நெற்றிவரை முக்காடு இழுத்துவிட்டுத்தான் பால் புகட்டினாள். கணவர் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "யாரோ திருடன் வந்து நம்ம வீட்ல பால் கொடுத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன்" என்றார். குட்டி பாலைக் குடிக்கும், கை மட்டும் சும்மா இருக்காது. துணியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும், முக்காட்டுக்குள் தலையை நுழைக்கும். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி தேடும். ஒருநாள் பால் குடிக்காமல் அழுது அழுது அதற்கு விக்கல் எடுத்துவிட்டது. என்ன செய்தும் அடங்கவில்லை. இவள் துணியை அவிழ்த்தாள்.

குட்டி அழுகையை நிறுத்தியது. இவள் கண்ணைப் பார்த்தது. இவளும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இவள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை, இவளையும் யாரும் பார்த்ததில்லை. ஒரு திட்டு இல்லை, ஒரு கணக்கு இல்லை. சும்மா ஒரு பார்வை. அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே பாலைக் குடித்து முடித்துத் தூங்கிப்போனது. இவளுக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு துணி கொடியில்தான் தொங்கியது. டாக்டர் வந்து பார்க்கிற நாளில் மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வாள். இவளும் குட்டியும் ஒரு விளையாட்டுக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவள் புருவத்தை ஏற்றுவாள், அது ஏற்றும். இவள் முகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பாள், அது மூக்கு இடிக்கிற அளவுக்கு வந்து பார்க்கும். சந்தோஷம் தாங்காமல் குதிக்கும். கூண்டுக்குள் இதற்கு என்ன அர்த்தம் என்று இவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க, நீ என்ன பண்ற?" என்று கணவர் ஒருதரம் கேட்டார்.

"வீட்டுக்குள்ளதானே. அங்க போனா தன்னால மறந்துடும்."

"நீ மறந்துட்டியா?"

அவள் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, "நான்தான் தலை குனிஞ்சே வளந்தேன். இதாவது நிமிந்து பாக்கட்டுமே" என்றாள். கணவருக்கும் அந்தக் குட்டி மேல் ஆசை வந்துவிட்டிருந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒளித்துவைத்தாலும் திட்டுவதில்லை.

மகள் ஒரு மத்தியானம் வந்தாள். உள்ளே வந்தவள் கதவோரமாகவே நின்றுவிட்டாள். அம்மா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த குரங்குக் குட்டியின் கண்ணைப் பார்த்துப் புருவத்தை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கியாம்மா?" என்றாள் மகள். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டாள். இவள் எழுந்து போய் மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியிருக்கலாம். கை வரவில்லை. குரங்கிடம் வந்த தைரியம் பெற்ற பெண்ணிடம் வரவில்லை. "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். போட்டுக் கொடுத்தாள். மகள் குடித்துவிட்டுப் போனாள்.

சுண்டெலிக்குப் பல் முளைத்துப் பழம் தின்னத் தொடங்கியதும், கூண்டோடு சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து அதிகம். பெரிய கூண்டை ஒட்டி ஒரு சின்ன கம்பி அறை உண்டு. நடுவில் வலைதான், பார்க்கலாம், கடிக்க முடியாது. சுண்டெலியை அதில் விட்டார்கள். கூட்டம் முழுக்க வலைக்கு வந்தது. கடைசியில் எல்லாம் விலகி வழிவிட, மாமியார் வந்து உட்கார்ந்தது. உற்றுப் பார்த்தது.

சுண்டெலி அதைவிட உற்றுப் பார்த்தது. தெரிந்த விளையாட்டாயிற்றே! ஓடிப்போய் வலையில் மூக்கை வைத்து, கண்ணோடு கண் வைத்து, புருவத்தை ஏற்றி ஏற்றிக் காட்டியது.

மாமியார் வலையில் மோதிய மோதலில் கம்பமே அதிர்ந்தது. மகள்கள் எல்லாம் சேர்ந்துகொண்டு கத்தின. சுண்டெலி பின்னால் தள்ளி விழுந்து, என்ன நடந்தது என்று புரியாமல் எழுந்து, மறுபடி அதே கண்ணைப் பார்த்தது.

டாக்டர் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீங்க முகத்தை மூடலையா?"

"மூடல."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. "இப்ப இதை உள்ள விட்டா அன்னைக்கே முடிச்சிடும். விடாம வச்சிருந்தா இது தனியாவே கெடந்து தன் கையைத் தானே கடிச்சுக்கிட்டுச் சாகும். அந்த மாதிரி நான் பாத்திருக்கேன். கண்ணைத் தாழ்த்தக் கத்துக்கணும் இது. நீங்கதான் கத்துக்கொடுக்கணும். உங்க முகத்தைத்தான் இது படிக்கும்" என்றாள்.

கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்று இவளுக்குப் புரிந்தது. மிரட்ட வேண்டும். பால் குடித்துக்கொண்டே பார்த்த அதே முகம் இனி அதை மிரட்ட வேண்டும்.

முதலில் சரியாக வரவில்லை. புருவத்தை ஏற்றி, வாயை வட்டமாகத் திறந்து, தரையைக் கையால் அறைந்தாள். சுண்டெலிக்கு ஒரே கொண்டாட்டம். அதுவும் தரையை அறைந்தது. மடியில் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பழகினாள். கணவர் வெளியே நின்று, "யாரோட சண்டை?" என்று கேட்டார். கண்ணாடியில் வந்ததெல்லாம் கூத்துக்காரன் முகம். பயம் வரவழைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு முகம்தான் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அந்தச் சின்ன அறையில் சுண்டெலி ஆசையோடு ஓடிவந்து அவள் கண்ணைப் பார்த்தபோது, அவள் பெரியம்மா பார்த்த மாதிரி பார்த்தாள். தட்டில் இரண்டாவது முறை கை போனபோது பார்த்த மாதிரி. அப்புறம்தான் வாயைத் திறந்தாள், அப்புறம்தான் தரையை அறைந்தாள்.

சுண்டெலி நின்றது. உதடு இரண்டு பக்கமும் இழுபட்டுப் பல் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அது அந்த முகத்தைக் காட்டியதே இல்லை. மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. கண் கீழே விழுந்தது.

"அதேதான், அக்கா. இன்னும் கொஞ்ச நாள்" என்றாள் டாக்டர்.

தினமும் அது நடந்தது. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள், அது பச்சைப் பிள்ளை, நகராமல் என்ன செய்யும்? கண் நேராக வந்தால் அந்த முகம். கண் கீழே போனால் பழத்துண்டு. இவள் வருகிற காலடிச் சத்தம் கேட்டாலே மூலையில் ஒடுங்கித் தரையைப் பார்க்கத் தொடங்கியது. அப்போதுதான் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினாள். இவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

"உன் மொகமே மாறிப்போச்சு. சும்மா உக்காந்திருக்கும்போதும் மெரட்டுற மாதிரியே இருக்க" என்றார் கணவர்.

"தெரியுது. எறங்க மாட்டேங்குது."

ஆனால் பலன் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மாமியார் வலைக்கு வந்தபோது சுண்டெலி கண்ணைத் தாழ்த்தியது. பல்லை இழுத்துக் காட்டி, முதுகைத் திருப்பிக் குனிந்து நின்றது. கூண்டின் சட்டப்படி அது பெரிய மரியாதை. மாமியார் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்பது போலப் போய்விட்டது. சாயங்காலம் ஒடிசல் வந்து வலைக்குள் விரலை விட்டுச் சுண்டெலியின் தோளில் பேன் பார்த்தது. டாக்டர் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொழச்சுக்கும்க்கா. இது பொழச்சுக்கும்." அன்றைக்கு மட்டும் இவள் வீட்டில் சாப்பிட்டாள். பார்வையாளர் வராத விடுமுறை நாளில் கதவைத் திறப்பதென்று முடிவானது.

அந்தக் காலையில் டாக்டர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சண்டை முற்றினால் பீய்ச்சிப் பிரிக்க. யானைக்காரர் வலைத்துணியோடு இன்னொரு பக்கம். இவள் கம்பியோரம்.

"யாரும் குறுக்க எதுவும் பண்ணக் கூடாது" என்றாள் டாக்டர். "சின்னதா ஒரு கடி வாங்கும். அது சேத்துக்கிற கடி, வாங்கித்தான் ஆகணும். அக்கா, உங்களுக்குத்தான் சொல்றேன். நம்ம மேல அதுங்களுக்குக் கோபம் வந்தா நம்மளைத் தொட முடியாது. கிட்ட இருக்கிற சின்னதைத்தான் அடிக்கும்."

"தெரியும்" என்றாள். ஒடிசலின் உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அப்படி வந்தவைதான். வெளியே வாங்கிக்கொண்டு வந்த ஏச்சை வீட்டில் இருக்கிறவள் தலையில் இறக்குகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

கதவு தூக்கப்பட்டது. சுண்டெலி தரையைப் பார்த்தபடி உள்ளே போனது. மகள்கள் வந்து முகர்ந்தன, விலகின. சின்னக் குட்டி ஒன்று அதன் வாலைப் பிடித்து இழுத்தது, அது பேசாமல் நின்றது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு மாமியார் இறங்கி வந்தது. சுண்டெலி குனிந்தது, முதுகைக் காட்டியது. மாமியார் அதன் இடுப்பைப் பிடித்துத் தோளில் ஒரு கடி கடித்தது. ரத்தம்கூட வரவில்லை.

"சரி, சரி. இதுதான். முடிஞ்சுது" என்றாள் டாக்டர் தாழ்ந்த குரலில்.

சுண்டெலி கத்திக்கொண்டு கம்பியோரம் ஓடிவந்தது. இவள் நிற்கிற இடத்துக்கு வந்தது. கம்பியைப் பிடித்து ஏறி, இவள் முகத்துக்கு நேராக வந்து, இவள் கண்ணைப் பார்த்தது. அத்தனை நாள் தரையைப் பார்த்த கண் இப்போது நேராகப் பார்த்தது. வலிக்கும்போது பிள்ளைகள் வேறு யாரைப் பார்க்கும்? அதன் பின்னால், கொஞ்ச தூரத்தில், மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. துரத்திக்கூட வரவில்லை.

இவள் கண் சுண்டெலியின் தலைக்கு மேலாக மாமியாரிடம் போனது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வாரக்கணக்காகப் பழகிய முகம், கூப்பிடாமலே வந்தது. புருவம் ஏறியது, வாய் வட்டமாகத் திறந்தது, கை கம்பியை அறைந்தது. ஒரு தாய்க் குரங்கு என்ன செய்யுமோ அதைத்தான் செய்தாள். வெளியே நின்று செய்தாள், அதுதான் வித்தியாசம்.

மாமியாரை அந்தக் கூண்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரே பாய்ச்சலில் கம்பிக்கு வந்து மோதியது. இவளை எட்ட முடியவில்லை. நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது எட்டியது. மாமியார் இறங்கினால் மகள்கள் சும்மா இருப்பார்களா, எல்லாம் வந்து விழுந்தன. டாக்டர் தண்ணீரைப் பீய்ச்சினாள், யானைக்காரர் கதவைத் திறந்துகொண்டு வலையோடு உள்ளே பாய்ந்தார். அவை கலைந்து ஓடியபோது சுண்டெலி ஈரத் தரையில் கிடந்தது. கழுத்து திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததும் டாக்டர் குழாயைக் கீழே போட்டுவிட்டாள்.

"நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு" என்றாள் டாக்டர். அவள் உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், கம்பிக்கு வெளியே பார்க்கவில்லை. "மாமியார் தானாத்தானே விட்டுச்சு. திடீர்னு என்ன ஆச்சு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் இவள். "நான் மாமியாரை மெரட்டிட்டேன்."

டாக்டர் அவளைப் பார்த்தாள். யானைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துச் சுண்டெலி மேல் போட்டார்.

பின்பக்கத்து மதிலோரம் புதைத்தார்கள். குழியை அவளே தோண்டினாள். கணவர் வந்து மண்வெட்டியை வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அவர் கொடியில் கிடந்த துணியை மடித்து அலமாரிக்குள் வைத்தார்.

"நாளைக்கு லீவு போடேன்."

"தீனி யாரு வைப்பா?" என்றாள் அவரது சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. பிறகுதான் அழுதாள். அழும்போதும் கையால் முகத்தை மூடிக்கொண்டாள், அந்த முகத்தை அவரிடம் காட்டப் பயம்.

மறுநாள் காலையில் வாளியோடு போனபோது கூண்டு ஒரு மாதிரி இறுகிப்போய் இருந்தது. யாரும் விளையாடவில்லை. ஒடிசலின் முன்கையில் புதுக் கடி, தோல் பிய்ந்து சிவப்பாக இருந்தது. இவளைக் கண்டதும் மாமியார் பலகையிலிருந்து இறங்கியது. நேராகக் கம்பிக்கு வந்தது. உற்றுப் பார்க்கவில்லை. கண்ணைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, உதட்டால் மெல்ல மெல்லச் சப்புக்கொட்டியது. பிறகு திரும்பி உட்கார்ந்து முதுகைக் கம்பியில் அழுத்திக் கொடுத்தது.

குரங்குகள் சண்டை போட்டால் இப்படித்தான் சமாதானத்துக்கு வரும். சண்டை போட்ட இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேன் பார்த்து முடித்தால்தான் கூட்டம் மூச்சு விடும். மாமியாரைப் பொறுத்தவரை நேற்றைய சண்டை அதற்கும் இவளுக்கும்தான். சுண்டெலி அதில் ஒரு ஆளே இல்லை.

இவள் வாளியைக் கீழே வைத்தாள். அந்த முதுகைப் பார்த்தாள். ஒரு குச்சி கிடைத்தால் குத்திவிடலாம் போல இருந்தது, உண்மையைச் சொன்னால். திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது. பலகைக்கு அடியில் ஒடிசல் கையை நக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் மாமியாரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தச் சமாதானம் நடக்காவிட்டால் அடுத்த கடி யாருக்கு என்று அதற்குத் தெரியும். இவளுக்கும் தெரியும்.

கண்ணைக் கீழே போட்டாள். உதட்டைக் குவித்துச் சப்புக்கொட்டினாள். கம்பிக்குள் விரலை விட்டு மாமியாரின் முதுகு மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து மோவாயைக் காட்டியது. மோவாய் மயிரில் ஏதோ கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. என்ன அது, யாருடையது என்று அவள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நகத்தால் மெதுவாகச் சுரண்டி, மாமியாருக்கு வலிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சுத்தம் செய்தாள்.